ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற நெட்

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் அகஸ்டினா வீட்டு நெட், ஒரு சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீட்டைவிட்டு வெளியே போய்விடும். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, ஊர் சுற்றிய களைப்பு எதுவும் காட்டாமல் திரும்பி வந்து வேலையைப் பார்க்கும். மற்ற ஆறு நாளும் அதைப்போல் அடக்கமான நெட் அந்தத் தெருவிலேயே கிடையாது. இதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அது எங்கே போய்விட்டு வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு முழுக் கோடை ஆனது. ஊரில் எல்லாரும் ‘நெட் போயிடுச்சு’ என்பார்கள், கரண்ட் போயிடுச்சு, மானம் போயிடுச்சு என்பதைப் போல. சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். போனது எங்கே போனது என்று கேட்கத் தோன்றியவள் அகஸ்டினா ஒருத்திதான். அவள் சின்ன வயசிலிருந்தே அப்படி. பூசை முடிவில் சாமியார் ‘சமாதானமாய்ப் போய் வாருங்கள்’ என்றதும், ‘எங்கம்மா?’ என்று கேட்டு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள்.

அந்த நெட்டை வாங்கி வைத்தது மகள் ஜாஸ்லின். பிரான்சில் லியோன் ஊருக்கு நர்ஸ் வேலைக்குப் போகுமுன், ஹாலில் மாதா படத்துக்குக் கீழே ரூட்டரை ஆணியடித்து மாட்டி, வைஃபைக்கு ‘ஜாஸ்லின்’ என்று தன் பேரையே வைத்துவிட்டுப் போனாள். நான் இல்லாவிட்டாலும் என் பேர் வீட்டில் இருக்கட்டும் என்று சிரித்தாளாம். அப்பா சகாயநாதன் கால்நடைத் துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாட்டு டாக்டர்களை ஏற்றிக்கொண்டு சுற்றியதே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்று, ஓய்வுக்குப் பிறகு வாசல்படி தாண்டுவதையே குறைத்துக்கொண்டார். கடை கண்ணிக்கு, கோயிலுக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் போய்வருவது அகஸ்டினாதான். அவர் கையில் இருந்தது பட்டன் போன். அதில் ஒரு டார்ச் இருந்தது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஜாஸ்லினுக்குப் பெண் குழந்தை பிறந்தபோதுதான் வம்பு வந்தது. குழந்தைக்குத் தன் அம்மா மேரியின் பேரை வைக்க வேண்டும் என்பது சகாயநாதன் ஆசை. மகளிடம் சொல்லியும் இருந்தார். அவள் ‘பாக்கலாம்பா’ என்றிருந்தாள். பிறந்த வாரத்தில் அவள் கூப்பிட்டபோது அவர் பஸ் போகிற ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். ‘மேரில பேர் குடுத்தாச்சுப்பா’ என்றாள் மகள். பிரெஞ்சில் மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். பாண்டிச்சேரியில் இது தெரியாதவர் கிடையாது, சகாயநாதனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு பஸ் ஆரன் அடித்தது, அவர் காதில் விழுந்தது ‘மேரின்னு பேர் குடுத்தாச்சுப்பா’. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டு, நேராகப் போய் லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். எங்கம்மா திரும்பி வந்துட்டாங்க என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். மறுநாள் அகஸ்டினாவின் போனுக்கு அழகான அட்டை ஒன்று வந்தது. அதில் குழந்தையின் குட்டிக் கால் படமும், கீழே ‘எலீஸ்’ என்ற பேரும் இருந்தன. அதைப் பார்த்த எதிர்வீட்டுக் குத்புதீன் ஒன்றும் தெரியாதவராக, ‘மேரின்னு சொன்னீங்களே?’ என்று கேட்டுவிட்டார். வாங்கித் தின்ற லட்டை யாரும் திருப்பித் தர முடியாது, கொடுத்தவராலும் திருப்பிக் கேட்க முடியாது. அன்றோடு சகாயநாதன், பெத்த மகளே என்னைத் தெருவில் பொய்யனாக்கிவிட்டாள், இனி அவள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. ‘அவரா வாயத் தொறந்து கேக்கட்டும், அப்ப சொல்றேன்’ என்று அம்மாவிடம் முடித்துவிட்டாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா.

ஜாஸ்லினுக்கு ஆஸ்பத்திரி வேலையில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம், அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள். மணி அடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் சகாயநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துச் சத்தம் எழுப்பிக்கொண்டே வெளியே கிளம்பிவிடுவார். அகஸ்டினா போனை எடுத்தால், மகள் வாய் திறந்தபடி நிற்பாள், குழந்தையின் காது மட்டும் ஒரு ஓரத்தில் தெரியும், அப்புறம் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். வாரநாளில் போட்டோக்கள் வந்து குவிந்தன. ஆனால் போட்டோவில் சிரிக்கிற பிள்ளை சிரித்தது சிரித்தபடி இருக்கிறது, சிரித்து முடிப்பதில்லை. பேத்தி உலகத்துக்கு வந்து மாதக்கணக்காகியும் அவள் சிரிப்புச் சத்தம் எப்படியிருக்கும் என்று அகஸ்டினாவுக்குத் தெரியாது. அந்த ஏக்கம் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டால், ரூட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றது ஒரு குரல். அணைத்துப் போட்டாள். வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போடச் சொன்னது, போட்டாள். இரும்புப் பீரோ பக்கத்தில் இருந்தால் சிக்னலைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்ல, பீரோவை உள் அறைக்குத் தள்ளினாள். கேபிள்காரர் லூர்துபிரகாஷ் திங்கட்கிழமைகளில் வந்தார், சகாயநாதன் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சோதித்தார், நெட் குதிரை மாதிரி ஓடியது. கடைசியில் ஒரு ஞாயிறு அவரையே வரச்சொல்லி உட்கார வைத்தாள். வயர் எங்கேயும் மடங்கவில்லை. அடாப்டரை மாற்றினார். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. ரூட்டரின் பின்பக்கத்துப் பொட்டு ஓட்டைக்குள் குத்த ஊசி வேண்டும் என்றதும், அகஸ்டினா தாலிச் சரடில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்திப் பிடித்தார், விளக்குகள் செத்துப் பிழைத்தன, பழைய பேரையும் பாஸ்வேர்டையும் மறுபடி போட்டார், நெட் மட்டும் வரவில்லை. தன் போனில் இருந்த டேட்டாவைப் போட்டுப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் அதுவும் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. ‘லைன் வருதுக்கா. வூட்டுக்குள்ளயும் வருது. வந்துட்டு எங்கியோ போயிடுது’ என்றார். வீடு மந்திரிக்க ஆள் சொல்லட்டுமா என்று கேட்டார். அகஸ்டினா, ‘எங்க போவுதுன்னு மட்டும் சொல்லு, போதும்’ என்றாள்.

அதைச் சொன்னது குத்புதீனின் மனைவி மஹ்பூபா. ஒரு நாள் பட்டாணி உரித்தபடி பேச்சோடு பேச்சாக, ‘ஞாயித்துக்கெழம மணிக்கூண்டுகிட்ட பூ வாங்க நின்னேன். உங்க வூட்டு வைஃபை தானா வந்து ஒட்டிக்கிச்சுக்கா. ஜாஸ்லின்னு பேரே காட்டுது. அங்க ஒரு கனெக்சன் குடுத்திருக்கீங்களா?’ என்று கேட்டாள். முன்னொரு சமயம் அவளுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது அகஸ்டினாதான். கனெக்சன் ஏது, மணிக்கூண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை தெரு. அகஸ்டினா அடுத்த ஞாயிறு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனசு சும்மா இருக்குமா.

அந்த ஞாயிறு சகாயநாதன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினார். அகஸ்டினா ரூட்டருக்குக் கீழே உட்காராமல், காணாமல் போன கோழியைத் தேடுகிறவள் போல, போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீட்டில் ஒன்றுமில்லை. முனையில் ஒரு கோடு வந்தது. தையல் கடைப் பக்கம் இரண்டானது. தப்பான சந்தில் திரும்பினால் குறைந்தது, சரியான சந்தில் திரும்பினால் கூடியது. மணிக்கூண்டை ஒட்டிய டீக்கடைக்கு வந்தபோது கோடுகள் நிரம்பி வழிந்தன. பெஞ்சில் சகாயநாதன் முதுகு காட்டி உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து கிளாசில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வாங்கப் போனார், ஒரு கோடு குறைந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார், கோடு திரும்பியது. அதே நேரம் போன் அடித்தது. எடுத்தால், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பளிச்சென்று ஜாஸ்லின், மடியில் எலீஸ், அவள் கீழ் உதட்டில் ஒரு சொட்டு எச்சில். மகளின் குரல் கேட்டு சகாயநாதன் திரும்பினார், மனைவியைப் பார்த்தார், பாதி டீயை வைத்துவிட்டு விடுவிடென்று நடந்தார். அவர் நடக்க நடக்க எலீஸின் நெற்றி கட்டம் கட்டமாக உடைந்தது. அவர் மூலை திரும்பியதும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அகஸ்டினா நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டாள். ஆத்திரப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தவளுக்கு முதலில் வருவது சிரிப்பு.

அந்த வாரம் அவள் அவருக்கு ஒன்றும் சொல்லாமல் சோதித்துப் பார்த்தாள். வடாம் காயப்போட மாடிக்கு அனுப்பினாள். கீழே இரண்டு கோடு. அவர் குளித்தபோது படம் நடுங்கியது. மத்தியானம் குறட்டை விட்டபோது நெட் ஊர்ந்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிய அன்று சினிமாப் படம் ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் இறங்கியது. ரூட்டரைக் கழற்றிப் பரணில் போட்டுப் பார்த்தாள். எந்த வித்தியாசமும் இல்லை. சனிக்கிழமை சாப்பாடு போட்டுவிட்டு, ‘ஏங்க, நெட்டு உங்ககிட்டதாங்க இருக்கு’ என்றாள். சகாயநாதன் மோர் ஊற்றிக்கொண்டே, ‘எனக்கு எதுக்குடி அது? என்கிட்ட பட்டன் போன்தான இருக்குது’ என்றார். அவள் போனைக் காட்டி, அவரைத் தெருமுனை வரை நடக்கவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். கோடுகள் போய் வந்தன. அவர் கொஞ்சநேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜீப்பில் பல வருசம் ஏரியல் பக்கத்தில் உட்கார்ந்ததாக இருக்கும் என்றார். வேறு காரணம் அவருக்கும் தெரியவில்லை, இதை எழுதுகிறவனுக்கும் தெரியவில்லை.

‘நாளைக்கு வெளிய போவாதீங்க’ என்றாள் அகஸ்டினா. மகள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான் என்றார் அவர். ‘முழிக்க வாணாம். வூட்ல இருங்க, அது போதும். புள்ள சிரிக்கிற சத்தம் எப்பிடியிருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்க கோவத்துக்கு நான் ஏன் பட்டினி கெடக்கணும்?’ என்று கேட்டாள். சகாயநாதன் கை கழுவ எழுந்து போனார். மறுநாள் சட்டையை மாட்டவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல் பக்கத்தில் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவர் கொல்லையில் இருந்ததற்குப் போனில் குரல் மட்டும் வந்தது, படம் வரவில்லை. அகஸ்டினா காதுபட எலீஸ் முதல்முறையாகச் சிரித்தாள். கலகலவென்று இல்லை, விக்கல் மாதிரி விட்டுவிட்டுச் சிரித்தாள். அகஸ்டினா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு கொல்லை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கொசுத்தொல்லை தாங்கவில்லை என்று நாற்காலியை அடுப்படிக்குள் இழுத்துப் போட்டார். கட்டம் கட்டமாக ஒரு பிள்ளை தவழ்ந்தது. அதற்கடுத்து அடுப்படியில் புழுங்குகிறது என்றார், நாற்காலி ஹால் நிலைப்படிக்கு வந்தது. எலீஸுக்கு இரண்டு பல் முளைத்திருப்பது தெரிந்தது. மழை வந்து நிலைப்படியில் சாரல் அடித்தது, அந்தச் சாரலுக்கு அவர் மனசுக்குள் நன்றி சொல்லியிருப்பார் என்பது மஹ்பூபாவின் கணிப்பு. நாற்காலி ஹாலுக்குள் வந்தது. முதுகைக் காட்டி, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் சில நாள் தலைகீழாகவும் இருந்தது. அகஸ்டினா அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். அவசரப்பட்டால் ஆள் மறுபடி டீக்கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அவளுக்கு.

கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் அட்வெந்து காலத்து ஞாயிறு ஒன்றில் அவருடைய நாற்காலி அகஸ்டினாவின் நாற்காலிக்கு முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தது. படம் அவ்வளவு தெளிவு. லியோனில் ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைக்கூடப் பார்க்க முடிந்தது. எலீஸ் திரைச்சீலையைப் பிடித்து எழுந்து நின்றாள், நின்ற சந்தோஷத்தில் அதைப் பிடித்து இழுத்தாள், மேலே கம்பியே ஆடியது. சாதாரணமாகச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தாய்மார்கள், பிள்ளை வம்பு செய்யும்போது முழுப் பேரையும் இழுத்துக் கத்துவார்கள் இல்லையா, ஜாஸ்லினும் கத்தினாள்: ‘எலீஸ் மரீ!’

ஒரு எழுத்துக்கூட உடையாமல் அந்தச் சத்தம் ஹாலில் வந்து விழுந்தது. பேப்பர் மடிந்தது. சகாயநாதன் நாற்காலியோடு திரும்பினார். அவராகவே வாயைத் திறந்தார்.

‘என்னா பேரு சொன்ன?’

ஜாஸ்லின் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ‘நீங்க கேக்கட்டும்னுதாம்பா இருந்தேன். எலீஸ் மரி. ரெண்டு பேரு. மேரில ஆயா பேர மரின்னுதாம்பா எழுதுவாங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன், அதுக்குள்ள போன வச்சிட்டீங்க.’

அவர் அகஸ்டினா கையிலிருந்த போனை வாங்கித் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அந்தப் படம் எப்படியிருந்தது என்று அகஸ்டினா பலரிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தையின் தலை எண்ணெய் வாசனைகூட வந்தது என்பாள். லூர்துபிரகாஷ் மட்டும், வாசனை வர வேறு பிளான் போடணும்க்கா என்பார்.

மறுநாள் சகாயநாதன் மறுபடி லட்டு வாங்கித் தெருவில் கொடுத்தார். குத்புதீன் இந்த முறை எதுவும் கேட்காமல் இரண்டாக எடுத்துக்கொண்டார். பரணிலிருந்த ரூட்டரை எடுத்து அகஸ்டினா மறுபடி மாதா படத்துக்குக் கீழே மாட்டினாள். பச்சை விளக்கு ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தால் உதவியாக இருந்தது. எலீஸ் மரி நடந்தாள், பேசினாள், தாத்தாவிடம் தமிழில் சண்டை போடக் கற்றாள். கோயிலில் அவள் புதுநன்மை வாங்கும் விழாவுக்கு இருவரும் லியோன் போனபோது, விமானத்தில் பக்கத்து வரிசைக்காரர்களின் போன்களெல்லாம் மேகத்துக்கு நடுவில் டிங் டிங்கென்று செய்தி வாங்கின. பணிப்பெண் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். இங்கே தெருவில், பாஸ்வேர்டு வாங்கி அவர் நெட்டிலேயே பழகிவிட்ட நாலைந்து வீடுகள் அவர்கள் திரும்பும்வரை காத்திருந்தன.

அந்தத் தெருவில் இப்போது யாரும் நெட் போயிடுச்சு என்று சொல்வதில்லை. வட்டம் சுற்ற ஆரம்பித்தால் ஜன்னலைத் திறந்து, ‘சகாயம் எங்க போயிருக்காரு?’ என்று கேட்பார்கள். மீன் வாங்க என்றோ, முடிவெட்ட என்றோ எதிர்வீட்டிலிருந்து பதில் வரும், கேட்டவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் வருவதில்லை. அந்த நேரத்தில் அவர் வீட்டில்தான் இருப்பார்.