தேன் பயிற்சியாளன்

ஜேனு குருபர் என்ற பழங்குடிகளுக்குத் தேன் எடுக்கச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். கன்னடத்தில் ஜேனு என்றால் தேன். அந்த ஜனங்களின் பெயரிலேயே அது இருக்கிறது. நானோ பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவன், தேனீயைக் கண்டால் ஓடிவிடுவேன். ஆனாலும் வேதநாயகி மேடத்தின் அறக்கட்டளை எனக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தது.

இந்த வருஷம் மேடத்துக்குப் புது ஞானம் பிறந்தது. பழங்குடிகளுக்கான பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பழங்குடிகளே முடிவு செய்வார்களாம். மேடைக்கு மேடை இதையே பேசினார். காட்டிலிருந்து ஐந்து பேரை ரிச்சர்ட்ஸ் டவுன் ஆபீசுக்கு வரவழைத்தார். வெளிநாட்டு நன்கொடையாளர்களை லேப்டாப் திரையில் உட்காரவைத்தார். மேடத்தின் கன்னடம் ஆட்டோக்காரரோடு நின்றுவிடும் என்பதால் மொழிபெயர்க்க நான்.

ஐவருக்கும் தலைவியான லட்சுமம்மா கன்னடத்தில் சுருக்கமாகச் சொன்னார். காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டுக் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறோம். பணம் முழுக்கக் கேஸுக்குத்தான். தேன் பயிற்சி வேண்டாம்.

பயிற்சி போனால் நானும் போனேன்.

"என்ன சொல்றாங்க, ரகு?"

"கேஸுக்குக் கொஞ்சம் பணம் வேணுமாம் மேடம். ஆனா தேன் பயிற்சி ரொம்ப நல்லா போகுதாம். அதை நிறுத்தவே கூடாதாம்."

மேடம் பூரித்துப்போய்த் திரையைப் பார்த்து இங்கிலீஷில் வாயைத் திறந்தார்.

"நான் அப்படிச் சொல்லலையே," என்றார் லட்சுமம்மா. தமிழில்!

குடகுக் காப்பித் தோட்டத்தில் தமிழ் ஆட்களோடு வருஷக்கணக்கில் வேலை செய்தவராம். கூட வந்த நால்வருக்கும் புரியட்டும் என்றுதான் கன்னடத்தில் பேசினாராம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபமாக இருந்தது.

"பயிற்சி வேணாம்மா. எல்லாம் கேஸுக்கு. முடிவு எங்களோடதுன்னீங்களே, நெசந்தானா?"

மேடம் திரையைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி காத்திருந்தார்கள்.

"நெசந்தான்," என்றார் மேடம், கஷாயம் குடித்த முகத்தோடு.

வாசலில் லட்சுமம்மா என்னிடம் வந்தார்.

"கோவமா தம்பி?"

"வேலை போச்சேம்மா."

"வேற கிடைக்காதா?"

"தேடினா கிடைக்கும்."

"எங்களுக்குத் தேடினாலும் வேற காடு கிடைக்காதே."