நாற்பத்திரண்டில் ஒன்று

1

[இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் எழுத்து மேசையின் டிராயரில் மூன்று வாரமாக ஒரு ஸ்பானர் கிடக்கிறது. சாண் நீளம்கூட இல்லை. என் மாமனாரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள். கொடுத்தால் அவருக்கு ஒன்று திரும்பக் கிடைக்கும், இன்னொன்று பறிபோகும். கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எந்த வேலையிலிருந்து நழுவ வேண்டுமென்றாலும் நான் இதைத்தான் செய்வேன் என்பார் என் வீட்டுக்காரர்.

சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்கு மட்டும். மாமாவிடம் தரும் பிரதியில் இருக்காது. அவர்தான் இதை முதலில் படிக்கப் போகிறார், கையில் சிவப்புப் பென்சிலோடு.]

முதல் தொடக்கம்: 'அந்த முன்னாள் வீரரின் கண்களில் இன்னமும் ஒரு—' வேண்டாம். மாமா விமானப்படையில் இருபத்திரண்டு வருஷம் பழுது பார்த்தவர். துப்பாக்கியை வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சிக்குத் தொட்டதோடு சரி.

இரண்டாம் தொடக்கம்: 'முதுமை என்பது—' இதற்குமேல் எழுதினால் எனக்கே என்னைப் பிடிக்காது.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: மாமா எதையும் எண்ணாமல் மூடமாட்டார்.

2

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தவென்று கட்டிய அறையில் கார் நின்றதே இல்லை. சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் சிவப்புச் சாயத்தில் வரைந்து, அதன்மேல் அந்தக் கருவியை மாட்டி வைத்திருக்கிறார். குறடை எடுத்தால் சுவரில் ஒரு சிவப்புக் குறடு தெரியும். விமானப்படை வழக்கப்படி, எடுத்தவர் அந்த ஆணியில் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்கும் ஒரு வில்லை அடித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

தெருவில் நின்றுபோன தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், கூவாத குக்கர் எல்லாம் அங்கேதான் வரும். ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியின் திருகு அந்த அறையில் விழுந்துவிட்டது. கடுகை விடச் சின்னது. நான் குனியப் போனேன்.

"காலை நகத்தாதம்மா."

"தேட வேண்டாமா மாமா?"

"அது உன் காலுக்குப் பக்கத்துலதான் இருக்கும். நீ நகந்தா செருப்புல ஒட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போயிடும்."

டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து மெல்ல உருட்டினார். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் அகப்படாத திருகு, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் விரல் நீளத்துக்கு நிழலைப் போட்டுத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது.

துருப்பிடித்த நட்டைக் கழற்ற வேண்டுமா? முதலில் இன்னும் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். துருவின் பிடி அப்போது உடையும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினால் சொன்னபடி கேட்கும்.* இரும்புத் தூளைக் காந்தத்தால் பொறுக்குவதற்கு முன் காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் மொத்தமும் பைக்குள் போய்விடும், காந்தம் சுத்தமாக இருக்கும். இப்படி நூறு சொல்வார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

(* ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் மாமா: 'அதற்கு முன் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதை எழுதாவிட்டால் படிக்கிறவர்கள் போல்ட்டை முறித்துவிட்டு உன்னைத் திட்டுவார்கள்.')

3

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை. ஏழு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும். சார்ஜன்ட் (அப்போது மாமா அதுதான்) கருவிப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்திரண்டு கருவிகளுக்கு நாற்பத்திரண்டு குழிகள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. எட்டாம் நம்பர் ஸ்பானரின் குழி காலி. மறுபடி எண்ணினார். மறுபடியும் அதேதான்.

காணாமல் போன கருவி விமானத்துக்குள் கிடந்தால் உருண்டு போய் எதிலாவது சிக்கும், வானத்தில் விமானி திருப்பும்போது திரும்பாது. அதனால் ஒன்று குறைந்தாலும் விமானம் எழக்கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் அன்று பெரிய அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். விமானி ஏணியில் கால் வைத்துவிட்டார்.

சார்ஜன்ட் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்குங்க சார். ஒண்ணு குறையுது."

அதிகாரி ஓடி வந்தார். "நேத்து சாயங்காலம் நீதானே எண்ணிக் கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன் சார்."

"அப்ப எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"இப்ப?"

"இப்ப இல்ல சார்."

விமானத்தை இரண்டு நாள் பிரித்து மேய்ந்தார்கள். ஸ்பானர் கிடைக்கவில்லை. விசாரணையில், கருவி அலமாரிக்கு இன்னொரு சாவி யாரிடம் என்று கேட்டார்கள். "என் கூட்டாளிகிட்ட. அவன் விடிகாலை ரயில்ல லீவுக்குப் போயிட்டான். வில்லை மாட்டாம எதையும் எடுக்கிற ஆள் இல்ல சார்" என்றார். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. அப்படியானால் முந்தைய நாள் எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தீர்ப்பானது. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த அவர் பெயரை அடித்தார்கள்.

'அநீதி அவரை உள்ளுக்குள்—' இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, ஏனென்றால் மாமா அதை அநீதி என்று நினைக்கவே இல்லை. "கண்ணு ஏமாத்திடுச்சும்மா. தினம் பாக்கிற பெட்டி. காலியா இருந்த குழியை நிறைஞ்சதா பாத்திருக்கும்" என்பார். ஒரு விமானத்தைத் தன்னந்தனியாக நிறுத்திய மனிதர், அதற்காக ஒரு நாளும் பெருமைப்பட்டதில்லை. அன்று முதல் எதையும் இரண்டு முறை எண்ணுகிறார். மாத்திரையை, சாவிக்கொத்தை, பூங்காவிலிருந்து கூட்டி வரும் பேரப்பிள்ளைகளை. இருப்பதே இரண்டு பேர்.

4

அந்தக் கூட்டாளியின் பட்டப்பெயர் பம்பரம். ஓரிடத்தில் நிற்கமாட்டார், உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடும். இந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று நான் தடுமாறுகிறேன். சிரிக்க வைக்கத்தான் கதைக்குள் கூட்டி வந்தேன். [இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.]

ஓய்வு பெற்றபின் இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பொம்மை விமானம் விட மைதானத்துக்குப் போவார்கள். இலேசான மரத்தைச் சீவி இறக்கை செய்வது மாமா. உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சினைப் பொருத்துவது பம்பரம். பட்டாளத்தில் இருந்தபோதே அவருக்கு அந்தப் பித்து.

"உன் இறக்கை கோணல்டா" என்பார் பம்பரம்.

"காத்து கோணல்டா" என்பார் மாமா.

பம்பரம் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. போன மாதம் மாமா ஒரு தையல் மெஷினைப் பூட்டி முடித்தபோது மேசையில் ஒரு திருகு மிஞ்சியது. யாருக்கும் நடப்பதுதான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அன்னிக்கு ஏமாத்தின அதே கண்ணுதான். இத நம்பி இனி அடுத்தவங்க பொருள்ல கை வைக்கக் கூடாது" என்றார். மறுநாள் முதல் வந்த வேலைகளைத் திருப்பி அனுப்புகிறார். பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார். சுவரில் சிவப்பு உருவங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

[5

பம்பரத்தின் மனைவியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மூன்று வாரத்துக்கு முன் மாமா இல்லாத நேரம் பார்த்து வந்தார். கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"அவர் போறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட சொன்னாரும்மா. எஞ்சின் வச்சிருக்கிற டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. உங்க மாமா முகத்தப் பாத்துக் குடுக்க எனக்குத் தைரியம் இல்ல."

பிரித்தேன். எட்டாம் நம்பர் ஸ்பானர். பிடியில் பெட்டியின் எண்.

நடந்தது இவ்வளவுதான். அன்று மாலை சார்ஜன்ட் எண்ணி, பூட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின் பம்பரம் தன் சாவியால் அலமாரியைத் திறந்திருக்கிறார். பொம்மை எஞ்சினின் நட்டுக்கு அந்த ஸ்பானர்தான் சரியாக உட்காரும். ஐந்து நிமிஷ வேலை, வில்லை எதற்கு என்று மாட்டவில்லை. எஞ்சினோடு ஸ்பானரும் டப்பாவுக்குள் போய்விட்டது, டப்பா ரயிலேறிவிட்டது. பத்து நாள் கழித்து அவர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் கஷ்டமானது. அப்படியே முப்பத்தெட்டு வருஷம்.

ஸ்பானரில் ஒரு பொட்டுத் துரு இல்லை. தானாக இரும்பு அப்படி இருக்காது, மாமாவோடு பழகிய எனக்கு அது தெரியும். யாரோ வருஷா வருஷம் எடுத்து எண்ணெய் தடவியிருக்கிறார்கள்.

ஆக, மாமா சரியாகத்தான் எண்ணினார். அவர் கண் ஏமாற்றவே இல்லை. இதைச் சொன்னால் அவருக்கு அவர் கண் திரும்பக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் போய்விடும்.

முடிவு அ: நேராகக் கையில் கொடுத்துவிடுகிறேன். எழுதிப் பார்த்தேன். ஸ்பானரை வாங்கிக்கொள்கிறார், அதற்குப் பிறகு அவர் முகத்தை எழுத என்னால் முடியவில்லை.

முடிவு ஆ: 'எனக்கு அப்பவே தெரியும்மா' என்று புன்னகைக்கிறார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது என்னைத் தப்பிக்க வைக்கும் முடிவு. தெரிந்திருந்தால் அந்தத் திருகைப் பார்த்து அவர் அப்படி நின்றிருக்கமாட்டார்.

முடிவு இ: எங்கோ கிடைத்ததுபோல அவர் அறையில் போட்டுவிடுவது. அந்த அறையில் எங்கே என்ன இருக்கிறதென்று அவரை ஏமாற்ற முடியுமா.

மூன்றும் சரிவரவில்லை. இந்தப் பகுதியை அவர் பிரதியிலிருந்து உருவிவிட்டேன்.]

6

அந்த ஸ்பானர் கடைசிவரை கிடைக்கவில்லை. சில பொருள்கள் கிடைப்பதில்லை. ஆனால் அன்று ஏணியைப் பிடித்த கை பெரியது. எண்ணிக்கை தவறியிருந்தாலும் அந்தக் கை தவறவில்லை. கதை இங்கே முடிகிறது.

[மாமாவுக்காக எழுதிய முடிவு இது. ஒவ்வொரு வாக்கியமும் மரியாதையாக இருக்கிறது. 'தவறியிருந்தாலும்' என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, பிறகு எழுதிவிட்டேன்.]

7

[பகுதிக்கு ஒரு தாள் என்று அச்செடுத்து, திங்கட்கிழமை காலை மாமாவிடம் கொடுத்தேன். இன்று புதன். சற்று முன் என் அறைக்கு வந்தார். சட்டையின் முன்புறமெல்லாம் தூசி, முழங்காலிலும் தூசி. தாள்களைச் சீராக அடுக்கி மேசையில் வைத்தார்.

"கதை நல்லா வந்திருக்கும்மா. அந்த நட்டு விஷயம் மட்டும் ஓரத்துல எழுதியிருக்கேன்."

"சரி மாமா."

அவர் போகவில்லை.

"கடைசித் தாள்ல ஆறுன்னு போட்டிருக்கு. ஆனா எண்ணினா அஞ்சு தாள்தான் இருக்கு. நாலுக்கு அப்புறம் ஆறு வருது."

பகுதியை உருவியவள் எண்ணை மாற்ற மறந்திருக்கிறேன். 'அச்சுப் பிழை மாமா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"குடுக்கும்போது எண்ணி வாங்கியிருக்கணும், வாங்கல. ரெண்டு நாளா பின்னாடி ரூம் பூரா தேடிட்டேன், பெஞ்சுக்கு அடியில, பலகைக்குப் பின்னாடி எல்லாம். கிடைக்கல." நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். "ஒரு தாளத் தொலைச்சிட்டேம்மா. என் தப்புதான்."

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பம்பரம் செய்ததை நானும் செய்துவிட்டேன்.

மாமா காத்திருக்கிறார். அவர் தொலைக்காத அந்தத் தாள் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.]