இரண்டு தட்டு

கொக்குக்கு அந்தப் பெயர் வந்தது நீளமான காலால் மட்டும் அல்ல. இடிக்கிற கட்டடத்தில் ஓர் அடி எடுத்து வைக்க அவ்வளவு யோசிப்பான். "இவன் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள கட்டடம் தானாவே விழுந்துடும்" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும், விழுந்தால் உடையப்போவது அவர்கள் முதுகா?

அவர்களுக்குள் ஒரு வழக்கம். மேல்தளத்தை உடைக்கப் போகிறவன் சுத்தியலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவான். கீழே இருப்பவன், தளத்தைத் தாங்கும் முட்டுகள் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு இரண்டு தட்டுப் பதில் கொடுப்பான். பதில் வராமல் முதலாளியே கத்தினாலும் கால் வைக்கக் கூடாது. கொக்குக்குக் கீழே நிற்பது எப்போதும் அவன் மனைவியின் அண்ணன்தான். வீட்டில் குளியலறைக் கதவைக்கூடக் கொக்கு இப்படித்தான் தட்டுவான். மனைவி உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே பதில் தட்டுவாள்.

அன்றும் தட்டினான். பதில் வந்தது. கால் வைத்தான். தளம் அவனையும் அள்ளிக்கொண்டு ஒரு மாடி இறங்கியது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் மச்சான் குலுங்கிக் குலுங்கி அழுதான். "காலையில நான்தான் மாப்ளே முட்டுகளையெல்லாம் கழட்டுனேன். மறந்தே போச்சு. போனைப் பாத்துக்கிட்டே தட்டிட்டேன்." மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறதி யாருக்குத்தான் இல்லை என்று கொக்கு அவன் கண்ணைத் துடைத்துவிட்டான். இளிச்சவாயன்!

விசாரிக்க அதிகாரி வந்தார். தவறு கொக்கினுடையது என்றால் கம்பெனி இரண்டாவது ஆபரேஷனுக்குப் பணம் கட்டாது. ஆபரேஷன் செய்யாவிட்டால் வலது கால் இனித் தரையில் ஊன்றாது.

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "மாப்ளே தட்டவே இல்லைங்க சார். அவசரப்பட்டுக் கால வெச்சிட்டாரு."

அவசரமாம். அதுவும் கொக்கு! பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் ஆரஞ்சுப் பழப் பையோடு வேறு வந்திருந்தான்.

"இவளைக் கேளுங்க சார். இவன் அழுதப்ப இவளும் இங்கதான் இருந்தா" என்று மனைவியைக் காட்டினான் கொக்கு.

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தூங்கிட்டேங்க சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

விழுந்தபோதுகூடக் கொக்குக்கு இப்படி வலிக்கவில்லை.

அதிகாரி போன பிறகு அவள் கட்டிலருகே வந்தாள். "அண்ணனுக்கு மூணு பிள்ளைங்க. ஜெயில்ல போட்டுட்டா அதுங்க கதி?"

"என் காலு?"

"நான் இருக்கேன்ல. தாங்கிக்க மாட்டனா?"

கொக்கு அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு விரலை மடக்கிக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அவள் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தபடியே இரண்டு தட்டுத் தட்டினாள்.