கேனில் தளும்பியது

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், புங்க எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் சின்ன ஆலை ஒன்று இருந்தது. சூசை மேரி அங்கே ஆபரேட்டர். புருஷன் விட்டுப் போன பிறகு, புங்கங்கொட்டை உடைக்கிற கூலி வேலைக்குத்தான் முதலில் வந்தாள். மூன்றே வருஷத்தில், 2008-க்குள், ஆலையின் எல்லா வால்வும் அவள் கைக்குப் பழகிவிட்டன.

எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலும் கேட்டலிஸ்ட்டும் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் தான் மட்டும் செலவாகாமல் மற்ற இரண்டையும் சேர்த்துவைத்து டீசலாக்கிவிடும். கலக்குவதை நிறுத்தினால் பாகு மாதிரி கிளிசரின் அடியில் தங்கும், மேலே பொன்னிறமாக டீசல் நிற்கும். மிஞ்சிய மெத்தனாலை ஆவியாக்கி, தண்ணீர் ஓடும் குழாயில் குளிரவைத்து, டிரம்மில் பிடித்து மறுநாளைக்கு வைத்துக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் காஸ்டிக் சோடாதான் கேட்டலிஸ்ட். அதனால் டீசலோடு சோப்பும் உண்டானது. டீசலைக் கழுவிக் கழுவிச் சோப்புத் தண்ணீர் பின்னாலிருந்த ஓடையில் போய்ச் சேர்ந்தது. ஆலையை நடத்திய இஞ்சினியர் அந்தோணி பிரபுவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மரக்காணம் கடற்கரைச் சிப்பிகளைச் சூளையில் சுட்டுப் பொடித்து, புதிதாக ஒரு கேட்டலிஸ்ட் செய்தார். சோப்பும் இல்லை, அவ்வளவு கழுவலும் இல்லை. ஆனால் அதற்கு மெத்தனால் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. மிஞ்சுவதும் டிரம் டிரம்மாக மிஞ்சியது.

மே மாதம் அந்த மிச்ச மெத்தனால் குறைய ஆரம்பித்தது.

“இன்னா மேரி, நேத்தும் முப்பது லிட்டரு கம்மி?”

“வெயிலு சார். தொட்டித் தண்ணியே சுடுது. ஆவி குளிராம வெளிய போய்க்கினு இருக்குது.”

அவர் பாதிதான் நம்பினார். சிப்பிப் பொடிதான் கெட்டுவிட்டதோ, அதுதான் மெத்தனாலைத் தின்கிறதோ என்று மூன்று முறை வெளியே எடுத்து மறுபடி சுட்டார். தாடிகூட மழிக்காமல் சூளை முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சூசை மேரிக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பேச்சுக்கு முந்தின திங்கட்கிழமை, கிளிசரின் ஏற்றிப் போகும் வேன் டிரைவர் சுதாகர் இரண்டு நீலக் கேன்களை வண்டியில் வைத்ததை அவள் பார்த்தாள். கேன் தளும்பிற்று. கிளிசரின் தளும்பாது, அசைந்தால் மெல்லச் சரியும், அவ்வளவுதான்.

“இன்னாடா அது?”

“கிளிசரின்தாங்கா,” என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மெத்தனாலை மரச்சாமான் பாலிஷ் போடுகிறவனுக்கு விற்கிறான் போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து மனசை அடக்கிக்கொண்டாள். இரண்டு மாதம் முன்பு அவள் மகள் ஜெனித்துக்குக் குடல்வால் வெடித்தபோது, பிள்ளையைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பறந்தவன் அவன். அவனை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

கேனைப் பார்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வியாழக்கிழமை காலை அவள் ஊரான பெருமுக்கல்லில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் தெருவுக்கே கேட்கக் கத்தினாள். அவள் புருஷன் துரைக்கண்ணு கல்குவாரியில் வேலை செய்பவர். முந்தின நாள் அங்கே யாரோ விற்ற சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து படுத்தவர், விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

“மேரி, கண்ணுக்கு முன்னாடி பஞ்சு பறக்கறாப்ல இருக்குதும்மா. ஒண்ணும் தெரியல.”

சூசை மேரிக்கு அந்த நீலக் கேன்கள் நினைவுக்கு வந்தன. ‘இது உள்ள போனா மொதல்ல கண்ணு போவும், அப்பறம் உசுரு’ என்று இஞ்சினியர் முதல் நாளே மெத்தனாலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் கிடந்தார்கள். துரைக்கண்ணுவோடு குவாரியில் வேலை செய்த விருத்தாசலம் என்பவர் வழியிலேயே செத்துவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றாள்.

“மேடம், அது மெத்தனாலுங்க.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எங்க ஆலையில இருந்து போனதுங்க. போறப்ப நான் பாத்தேன்.”

 டாக்டரம்மா போனை நோக்கி ஓடினார். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷின் உள்ள பாண்டிச்சேரிக்கு ஆம்புலன்ஸ்கள் கிளம்பின. பெருமுக்கல்லில் மைக் கட்டி, குடித்தவர்கள் எல்லோரும் உடனே வரவேண்டும் என்று சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று சாவகாசமாக இருந்த ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் சுதாகர் நின்றிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

“வாங்கினவன் பாலிஷுக்குன்னுதாங்கா சொன்னான். சத்தியமா. என் பேர சொல்லிட்டியா?”

“கேட்டா சொல்லுவேன்.”

“உன் பொண்ண தூக்கினு ஓடினது நான்தாங்கா.”

“அத மறக்கலடா. அதனாலதான் பத்து நாளா வாயத் தொறக்கல.”

அவன் அங்கேயே குந்தி அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. மத்தியானம் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போனது. அவளிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். மறைக்காமல் சொன்னாள்.

மொத்தம் இரண்டு சாவு. துரைக்கண்ணு உயிர் பிழைத்தார், பார்வை திரும்பவில்லை. ஆலைக்கு சீல் வைத்தார்கள். சாமான்களை எடுக்க வந்த இஞ்சினியர் சிப்பிப் பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சூசை மேரியிடம் கேட்டார்.

“இதுல கோளாறு இல்லன்னு உனக்கு அப்பவே தெரியும். இல்ல?”

அவள் தலையசைத்தாள். அவர் டப்பாவோடு போய்விட்டார். வேலை போன பதினோரு பெண்கள் குழாயடியில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஊரில் மற்றவர்களோ, ஒன்பது உயிரைக் காப்பாற்றினவள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஐப்பசியில் துரைக்கண்ணுவுக்கு ஊனச் சான்றிதழ் வாங்க விழுப்புரம் போகவேண்டி வந்தது. ஃபாரம் எழுத வெள்ளையம்மாள் சூசை மேரியைத்தான் கூப்பிட்டாள். பஸ்ஸில் துரைக்கண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“மேரி, அந்தக் கேனு போறது உனக்கு எப்ப தெரியும்?”

வெள்ளையம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“பத்து நாளு முன்னாடியேண்ணே.”

“ஓ.”

 திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கம்பியில் நெற்றியை வைத்தபடி வந்தார். வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

விழுப்புரத்தில் இறங்கும்போது படியில் அவர் தடுமாற, சூசை மேரி கையை நீட்டினாள். அவர் விரல்கள் அவள் வளையலில் பட்டதும் பின்வாங்கின. வெள்ளையம்மாளின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா,” என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. “நீ அந்த ஃபாரத்த மட்டும் பத்திரமா புடிச்சிக்கினு வா.”