அத்தான் சாஃப்ட்வேர் பார்க்கிறார்

அத்தானைப் பற்றி யாராவது என்னிடம் நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "பொண்டாட்டியை உள்ளங்கையில வெச்சுத் தாங்குறாரு, இப்படி ஒரு மனுஷனா!" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. தாங்குகிறார்தான், யார் இல்லையென்றது? ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கிறேன் பேர்வழி என்று அந்த மனுஷர் மூன்று மாதமாக எங்கள் உயிரை எடுப்பதை அவள் பார்த்ததில்லை.

அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'அது', 'இல்ல' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்தவள் அவள். அவள் வாய்க்கு ஆசிரியர் அறையே நடுங்கும். அப்பேர்ப்பட்ட வாய்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் முதல் நாளே தெளிவாகச் சொன்னாள். "சொல்லு வரலைன்னா படமாவது வரட்டும். மைண்ட் மேப் போடுற சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணு வாங்குங்க. நடுவுல அக்கா போட்டோ, சுத்தி கிளை கிளையா அவங்களுக்குப் பழக்கமான படங்கள். எதை வேணாலும் எதோட வேணாலும் இழுத்து ஒட்டலாம். ஒட்டி ஒட்டித்தான் பேச்சு திரும்பும்."

"எது நல்லதுங்க?" என்று கேட்டார் அத்தான்.

"எதுன்னாலும் சரிங்க. ஒண்ணையே வெச்சுத் தினமும் பழகினா போதும்."

'எதுன்னாலும் சரி' என்ற பேச்சை ஆள் தெரியாமல் சொல்லிவிட்டாள். அத்தான் உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் பொறுப்பாளர். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு சீட்டு. ஒரு வாஷர் இடம் மாறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அக்காவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். கிடங்கு கையில் இல்லை, சாஃப்ட்வேர் கிடைத்தது.

முதலில் மஞ்சள் படக்குறி போட்ட ஒன்று. படங்கள் சின்னதாகத் தெரிகின்றன என்று அதை ஒதுக்கினார். அடுத்தது நீலம், கிளைகள் வரிசையாக நிற்கவில்லையாம். பச்சையில் தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாக உடைந்தன. இப்போது ஊதா. ஒவ்வொரு முறை மாறும்போதும் அலமாரி, செருப்பு, கதவு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மறுபடி போட்டோ எடுத்து முதலிலிருந்து அடுக்குவார். அக்காவும் முதலிலிருந்து தேடவேண்டும். எல்.கே.ஜி.யிலேயே உட்கார்த்தி வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பெண் எனக்குப் போன் செய்தாள். "அக்கா ஒத்துழைக்கவே மாட்டேங்கிறாங்க. நான் வந்தா சும்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. என் கையில இல்ல. வரிசையில நிறைய பேர் நிக்கிறாங்க."

அந்தப் பெண்ணும் போய்விட்டால் அக்காவுக்கு அந்த இரண்டு சொல்தான், ஆயுசுக்கும்.

நான் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். நாள் முழுக்க ஊரார் கோபத்துக்கெல்லாம் 'மன்னிக்கவும்' சொல்லிவிட்டு என் சொந்தக் கோபத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருகிறவள். சனிக்கிழமை காலையில் அதைச் சிந்தாமல் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மேசைமேல் இரண்டு லேப்டாப். அத்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஜன்னலோரம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. ஊதா சரிப்பட்டு வரல. ஆரஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, இங்க பாரேன், கிளையெல்லாம் தானா நேரா நிக்குது!"

"அத்தான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். கிளை நேரா நின்னா என்ன, கோணலா நின்னா என்ன? அக்கா பேசணும்!"

"அவசரப்பட்டு ஒண்ணை எடுத்துட்டு அப்புறம் கஷ்டப்படணுமா?"

"எடுக்காமயே படறோமே, அது போதாதா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணை முடிவு பண்ணி, அதுலயும் அவ பேசலைன்னா? அப்புறம் எதைம்மா மாத்துறது?" என்றார்.

என் கோபம் ஒரு நிமிடம் தடுமாறியது. பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் காரியம் ஆகாது என்று அதை உள்ளே தள்ளினேன்.

"சரி, அக்கா இதைத் தொடறாளா, இல்லையா? தொடவே மாட்டேங்கிறாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"ஏன் தொடாம? தொட்டா குழப்பிடறா. காலையில அடுக்கி வெக்கிறேன், மத்தியானத்துக்குள்ள கலைச்சுடறா. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் அதது இடத்துல திருப்பி வெச்சுடறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எது எங்க இருக்கணும்னு அவளுக்குப் பிடிபடல. இங்க பாரு, 'வீடு' கிளையில வாசக்கதவு. 'பொருள்' கிளையில என் ஆபீஸ் பை. ரெண்டையும் தூக்கிட்டுப் போய் 'உறவு'ல என் போட்டோவுக்குக் கீழ ஒட்டிடறா. பொருளை யாராவது உறவுல வெப்பாங்களா?"

அக்காவின் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் தோள் விறைத்ததை நான் பார்த்தேன்.

"எப்பவும் இதே ரெண்டையா?"

"இதே ரெண்டுதான். வேற எதையும் தொடமாட்டா."

எனக்குப் பகீரென்றது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் அக்காவின் மடியில் வைத்தேன். "அக்கா, நீ பண்ணு. யாரும் கை வெக்கமாட்டாங்க."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு மௌஸைப் பிடித்தாள். பையை இழுத்தாள், அது பாதி வழியில் நழுவியது. மறுபடி இழுத்தாள். அத்தான் போட்டோவின் கீழே ஒட்டியது. அப்புறம் வாசக்கதவு. ஒட்டிவிட்டு விரலால் திரையைத் தட்டினாள். "அது."

அத்தான். பை. வாசல்.

"அத்தான் வேலைக்குக் கிளம்பணுமாக்கா?"

அக்கா லேப்டாப்பின் விளிம்பில் பளாரென்று அறைந்தாள். "அது! அது! அது!" ஆசிரியர் அறை நடுங்கிய அதே குரல். எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அத்தான் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"நான் போயிட்டா உன்னை யாரு பாத்துக்கறது?" என்றார்.

"இல்ல," என்றாள் அக்கா. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். சமையலறைப் பக்கம் கையை நீட்டினாள், மறுபடி நெஞ்சைத் தொட்டாள். பார்க்க ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன். இதற்கு எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டியிருக்கவில்லை.

அத்தான் அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எப்பலேர்ந்து இதைச் சொல்லிட்டிருக்க? பச்சையிலேர்ந்தா?"

"இல்ல."

"நீலம்?"

"இல்ல."

மஞ்சள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள்.

மூன்று மாதம். அவள் தினமும் பேசியிருக்கிறாள். அவர் தினமும் அதை ஒழுங்குபடுத்தி எடுத்து வைத்திருக்கிறார். வந்த கோபத்தில் என்னென்னவோ சொல்லவேண்டுமென்று தொண்டை வரைக்கும் வந்தது. யாரைத் திட்டுவது? மனுஷர் அழுதுகொண்டிருந்தார்.

அழுதபடியே, தன்னையறியாமல், அவர் கை மௌஸை நோக்கிப் போனது. 'பொருள்' கிளை காலியாகக் கிடந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்கவேண்டும்.

அக்கா அந்தக் கையின் மேல் ஓங்கி ஒன்று வைத்தாள்.