தண்ணீர் சிந்தாத நடை

திரையில் கதவு திறந்ததும் காசியம்மா அலறினாள்.

கதவைத் திறந்தவளும் காசியம்மாதான். திரையில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பெஞ்சில் இருந்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "நிறுத்துங்க தம்பி, நிறுத்துங்க!" என்று கூவினாள். பிலோமின்ராஜுக்குப் புரொஜெக்டரின் விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. அவன் தடவிக் கண்டுபிடித்து அணைப்பதற்குள் சுருள் ஓடி முடிந்து, வெறும் வெளிச்சம் சுவரில் நின்றது.

காரைக்கால் கடைத்தெருவில் அலாவுதீன் நடத்திவந்த வெளிநாட்டுச் சாமான் கடையின் மாடி அது. சன்னல்களை அட்டைப்பெட்டிகளால் அடைத்துப் பகலை இருட்டாக்கியிருந்தார்கள். கைதட்டல் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, பிலோமின்ராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அவன் பொதுப்பணித் துறையில் வரைவாளன். கோடு அரைக்கால் அங்குலம் விலகினாலும் தாளையே மாற்றிவிடுகிறவன். பாரீசில் இருந்த சித்தப்பா ஒரு சிறிய சினிமாக் கேமராவையும் சில சுருள்களையும் அனுப்பிவைத்ததிலிருந்து, சொந்தமாக ஒரு படம் எடுத்தே தீர்வது என்று இருந்தான். கதையும் எழுதினான். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவன், வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறான். அவன் முகம் படத்தில் வராது. கேமராவே அவன் கண். கரையேறி, வலைகளுக்கு நடுவே நடந்து, தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை.

மனைவியாக நடிக்கத் திருவேட்டக்குடியில் காசியம்மாவைக் கேட்டான். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு விடிகாலையில் கட்டுமரம் தள்ளிப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. மரமும் வரவில்லை, உடலும் வரவில்லை. கருமாதி செய்துவிடலாம் என்று கொழுந்தன் சோமசேகரன் ஒவ்வோர் அமாவாசைக்கும் வந்து நிற்பான். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஒவ்வோர் அமாவாசைக்கும் இவள் திருப்பி அனுப்புவாள். படத்தில் நடிக்க அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அழுவுற வேஷம்னா வேற ஆளப் பாருங்க. அவரு வர்ற படம்னா நடிக்கிறேன்."

வருகிற படம்தான் என்று பிலோமின்ராஜ் வாக்குக் கொடுத்தான்.

வருவது எப்படி என்பதுதான் சிக்கலாக இருந்தது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் படம் குலுங்கும். துபாயிலிருந்து வந்த ஒரு தோள்தாங்கியை அலாவுதீன் கொடுத்தான். மார்பில் அணைத்து, தோளில் மாட்டிக்கொள்வது. சித்தப்பா அனுப்பிய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில், அமெரிக்காக்காரன் ஒருவன் கவசம்போல் எதையோ பூட்டிக்கொண்டு, வில்கம்பிக் கையின் நுனியில் கேமராவைத் தொங்கவிட்டிருந்தான். அது வாங்கக் கூடியதன்று. ஆனால் வரையக் கூடியது. பிலோமின்ராஜ் தன் சக்திக்கு ஏற்ப ஒன்றை வரைந்தான். ஓர் இரும்புக் குழாய்; உச்சியில் கேமரா, அடியில் எடை, நடுவில் சுழலும் பிடி. தருமபுரத்து வெல்டிங் பட்டறையில் அதைச் செய்வித்தான்.

எதைத் தேர்வது? சுருளை வீணாக்கிச் சோதிக்க மனம் வரவில்லை. ஆகவே, கேமரா இருக்கவேண்டிய இடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்துக் கட்டிக்கொண்டு மாடியில் நடந்தான். தோள்தாங்கியில் அவன் மூச்சு விட்டாலே தண்ணீர் தளும்பியது. குழாயில், முழங்காலைச் சற்று மடக்கிப் பூனைநடை நடந்தபோது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"படம் எடுக்கப் போறியா மாப்ளே, தண்ணிப் பந்தல் வைக்கப் போறியா?" என்றான் அலாவுதீன்.

"சிந்துச்சா, சொல்லு."

"சிந்தல. அதான் பயமா இருக்கு."

அந்தப் பேச்சை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அளந்து பார்த்ததை நம்புவது அவன் தொழில். குழாயைத் தூக்கிக்கொண்டு தெருவில் அவன் பதுங்கிப் பதுங்கி நடந்ததைப் பார்த்துக் காசியம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள். கதவு திறந்தபோது அவள் முகத்தில் இருந்தது அந்தச் சிரிப்பின் மிச்சம். சுருள் பாரீசுக்குப் போய், கழுவப்பட்டுத் திரும்பி, இன்றைக்குத்தான் முதன்முதலாக ஓடியது.

இப்போது அவள் சிரிக்கவில்லை.

"யாரு தம்பி அது?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்கு யாரக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

"அது அவருதாங்க. அவரு பார்வை."

"அவருக்கு நடக்கத் தெரியாதா? கால் தரையில பாவல. வலையத் தாண்டல, கயித்துல இடறல. காத்தாட்டம் வந்து வாசல்ல நிக்குது. அதப் பாத்து நான் சிரிக்கிறேன்!"

"இரும்புக் குழாய்ங்க அது. அடியில எடை கட்டி…" என்று தொடங்கிய பிலோமின்ராஜ், தன் குரல் எவ்வளவு அபத்தமாக ஒலிக்கிறது என்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

மூலையில் நின்ற சோமசேகரன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பொல்லாத ஆள் அல்லன் அவன். அண்ணனுக்கு இன்னும் ஒரு பிடி எள் இறைக்காதது அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டீங்கள்ல அண்ணி? அண்ணன் வந்துட்டாரு. எப்படி வந்தாருன்னும் பாத்துட்டீங்க. இனிமேயாச்சும் அவர அலைய விடாதீங்க. வர்ற அமாவாசைக்குக் கருமாதிய முடிச்சிருவோம்."

மூன்று வருடமாக வாய்க்கு வாய் பதில் சொன்னவள், கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து படியிறங்கிப் போனாள். அதுதான் பிலோமின்ராஜை உலுக்கிவிட்டது.

அவர்கள் போனபின் சுருளை மறுபடி ஓட்டினான். எந்தக் குறையும் இல்லை. கரை நழுவியது, வலைகள் நழுவின, வாசல் தானாக நெருங்கியது. மூச்சு இல்லை, அடி இல்லை, அவசரம் இல்லை. மூன்று வருடம் கழித்து வீட்டைப் பார்க்கிறவன் ஒருவன்கூட இப்படி வரமாட்டான்.

"எங்க ஆளுங்க பாத்தா ஜின்னுன்னு சொல்லுவாங்க மாப்ளே," என்றான் அலாவுதீன். இம்முறை அவன் கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருவேட்டக்குடிக்குப் போனார்கள். கையில் மிஞ்சியிருந்தது ஒரே சுருள். காசியம்மாவின் கதவு சாத்தியிருந்தது. சோமசேகரன் வாசலை மறித்தான்.

"போதும் சார். செய்ய வேண்டியதுக்கு நாள் குறிச்சாச்சு."

"ஒரே ஒரு தடவை நடந்து வர்றேன். நடந்து," என்றான் பிலோமின்ராஜ், அவனுக்கு அல்ல, கதவுக்கு.

உள்ளிருந்து, "வாங்க பாப்போம்," என்றது குரல்.

"குழாயா, தோள்தாங்கியா?" என்று அலாவுதீன் கேட்டான்.

"ரெண்டும் வேணாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு, அலை தொடுமிடத்துக்குப் போய், கேமராவைக் கண்ணில் அழுத்திக்கொண்டு திரும்பினான். ஈரமணலில் கால் புதைந்தது. பிடுங்கிக்கொண்டு வேகமாக நடந்தான். கயிற்றில் இடறி ஒரு கையை ஊன்றினான். மூச்சு இரைத்தது. கண்ணாடிக்குள் கரையும் வானமும் வலையும் குதித்தன. இரக்கமின்றிக் குதித்தன. தெருமுனையில் ஏறக்குறைய ஓடினான்.

கதவு திறந்தது.

சிரிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. காசியம்மா சிரிக்கவில்லை. ஆடுகிற அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் தாடை இறுகியது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றாள்.

அவள் 'தம்பி' என்று சொல்லவில்லை. 'வாங்க' என்றும் சொல்லவில்லை.

"எங்கய்யா கெடந்த? சொல்லிட்டுப் போக வாய் இல்லியா? ஊரே தாலியக் கழட்டுன்னு நிக்குது, ஒருத்தி தனியா எத்தன பேருக்குப் பதில் சொல்லுவா? ஒன் தம்பிய விட்டு எனக்கே நாள் குறிக்க வைக்கிற! வந்து நிக்கிறான் பாரு, ஒண்ணுந் தெரியாத மாதிரி!"

கேமராவுக்குச் சத்தம் ஏறாது. அது ஊமைக் கேமரா. சற்றுப் பின்னால் தொடர்ந்துவந்த சோமசேகரன், அதன் முன்னால் வரத் துணியாமல், மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சுருள் தீர்ந்த சத்தம் கேட்டது. மோட்டாரின் ஓசை மாறி, உள்ளே எதுவோ வெறுமனே சுற்றியது. பதிவது நின்றாலும் கண்ணாடியில் காசியம்மா தெரிந்துகொண்டுதான் இருந்தாள். இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், கன்னம் நனைந்திருந்தது.

கேமராவை இறக்கினால் வாசலில் பொதுப்பணித் துறை பிலோமின்ராஜ்தான் நிற்பான். ஆகவே அவன் இறக்கவில்லை. கைகள் வலித்தன, நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் சொல்வதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றான்.