இரும்பு படக்கூடாத உடம்பு

2003 சித்திரையில் என் தம்பி தங்கப்பாண்டியன் மேலெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. காய்ச்சல் கொதித்தது. அப்பா சின்னக்கருப்பு ஒரு பார்வை பார்த்து, "ஆத்தா வந்திருக்கா" என்று முடித்துவிட்டார். வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிக்கக் கூடாது, ஊசி கூடாது, உடம்பில் இரும்பு படவே கூடாது. எங்கள் அனுமந்தன்பட்டியில் அம்மை கண்ட வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அம்மை என்றால் முத்து காய்ந்து உதிர வேண்டும். இவனுக்கோ ஒன்று கறுத்துக் குழியாகும்போதே பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. தொடைச் சதை அழுகி விரிப்போடு ஒட்டிக்கொண்டது. நாற்றம் தெருவரைக்கும் போனது. அப்பா அப்போதும் வேப்பிலையால் வருடிக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ஜீப் பிடித்து அவனைத் தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

புண்ணைப் பார்த்ததும் தோல் டாக்டர் சொர்ணலதாவின் முகம் மாறியது. "இது அம்மை இல்லம்மா. ரொம்ப அபூர்வமான நோயா இருக்கும்னு சந்தேகப்படுறேன். இவன் உடம்பே இவன் தோலைத் தாக்குது. புண் ஓரத்துல துளி சதை வெட்டிச் சோதிச்சாத்தான் உறுதியாகும். மருந்து மாறிப்போச்சுன்னா ஆள் தங்கமாட்டான்."

"வெட்டுங்க" என்றேன்.

அவர் மரப்பு ஊசி போட்டு பிளேடை எடுத்தபோது கதவு படாரென்று திறந்தது. தோட்டத்தில் சேதி கேட்டு ஓடிவந்த அப்பா நின்றார். கையில் வாழைத்தார் வெட்டும் அரிவாள்.

"ஆத்தா மேல கத்தி வைக்கிறவளுக்குக் கை இருக்காது!"

தடுத்த வாட்ச்மேனை வயிற்றில் உதைத்தார். மேசை கவிழ்ந்து பாட்டில்கள் நொறுங்கின. டாக்டரைப் பார்த்து ஓங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்தது. என் ரத்தம் தம்பி முகத்தில் அடித்தது.

"நிறுத்தாதீக தாயி, வெட்டுங்க!" என்று கத்தினேன். நாலு பேர் அப்பாவைத் தரையில் போட்டு மிதிக்க, டாக்டரம்மா புண் ஓரத்தில் வெட்டி எடுத்தார்.

போலீஸ் கேட்டபோது நான் புகார் கொடுக்கவில்லை; என் முகத்துக்காக டாக்டரும் வாட்ச்மேனும் விட்டுவிட்டார்கள். நான் விட்டது பாசத்தில் இல்லை. கத்தி பட்டு மகன் பிழைப்பதை இந்த மனுசன் இருந்து பார்க்கட்டும் என்ற ஆத்திரத்தில்தான்.

சோதனை முடிவு டாக்டர் சந்தேகப்பட்ட நோயையே சொன்னது. வீரியமான மருந்துகள் ஏறின. காய்ச்சல் இறங்கியது, புதிதாகக் கிளம்புவதும் நின்றது. ஆனால் செத்த சதையை அறுத்து எடுக்காவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். மயக்க மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பில்லை; அவ்வளவு பெரிய புண்ணுக்கு மரப்பு ஊசியும் பத்தாது. தொட்டாலே துள்ளினான். என் கையோ கட்டுப் போட்டுத் தொங்கியது.

வெளியே சுவரோரம் கிடந்த அப்பாவை டாக்டரே கூப்பிட்டார். "வந்து உங்க மகனைப் பிடிங்க."

அப்பா அவனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார். கத்தி பட்டதும், "யய்யா, வேணாம்னு சொல்லுய்யா!" என்று அலறி அவர் தோளைக் கடித்தான் தம்பி. சட்டைக்கு மேல் ரத்தம் வந்தது. அப்பா பிடியை விடவில்லை. கண்ணீரும் மூக்குநீரும் ஒழுக, தொடையை உற்றுப் பார்த்தார்.

"இங்கன இன்னும் கறுத்திருக்கு தாயி" என்றார். "வெட்டிருங்க."